‘அட, ஆமால்ல!’: எஸ்கேப் ரூம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை இருக்கிறது. முழுப் பரீட்சை விடுமுறை வந்தால் தெருப் பிள்ளைகளுக்காக அதை எஸ்கேப் ரூமாக மாற்றிவிடுவேன். அதற்கு முன்னால் நகரத்தில் காசு கொடுத்து ஆடும் அறைகளுக்கு அத்தை பிள்ளைகளோடும் வேலை இடத்துத் தோழிகளோடும் பல தடவை போயிருக்கிறேன். சில இடங்களிலிருந்து பேசிப் பேசித் தீராமல் வீடு திரும்பினோம். சில இடங்களுக்கு ஏன் போனோம் என்று இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எஸ்கேப் ரூம் என்றால் என்ன?

நாலைந்து பேராக ஓர் அறைக்குள் போகிறீர்கள். நேரம் பெரும்பாலும் 60 நிமிடம். அறைக்கு ஒரு கதை இருக்கும்: மூழ்கும் கப்பல், திருடனின் வீடு, பழைய ஆய்வகம். மேசை இழுப்பறை, படத்தின் பின்பக்கம், புத்தகத்துக்குள் செருகிய துண்டுச்சீட்டு என்று தேடி, கிடைத்ததை ஒன்றோடொன்று பொருத்தி, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து நேரம் முடிவதற்குள் வெளியே வரவேண்டும். வெளியே ஒருவர் கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். திணறும்போது ஹிண்ட் கொடுப்பது அவர் வேலை.

கணினித் திரையில் அங்கங்கே தட்டிப் பார்த்து அறையை விட்டு வெளியேறும் விளையாட்டுகள் இதற்கு மூத்தவை. அதை நிஜ இடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் தகாவோ கதோ. 2007இல் கியோட்டோவில் அவருடைய ஸ்க்ராப் நிறுவனம் இந்த ஆட்டத்தை நடத்தியது. 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பாராபார்க் என்ற இடம் வந்தது. அப்புறம் உலகம் முழுக்கப் பரவி நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

ஓர் அறை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

பூட்டு திறந்த அந்த நொடியில் உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கவனியுங்கள். “அட, ஆமால்ல! கண்ணு முன்னாடியே இருந்துச்சே!” என்று வந்தால் நல்ல புதிர். “அட போப்பா, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று வந்தால் மோசமான புதிர். எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. அறை பெரியதா சிறியதா, கட்டணம் எவ்வளவு, நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சின்ன வயதில் கரண்ட் போன இரவுகளில் மொட்டை மாடியில் பாட்டி விடுகதை போடுவார். “அடிக்காமல், திட்டாமல் கண்ணீர் வரவைப்பான், அவன் யார்?” யோசித்து யோசித்துத் தோற்றுப்போய், “வெங்காயம்” என்று பாட்டி சொன்னதும் அந்த வரியில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தோற்றாலும் பாட்டி மேல் கோபம் வராது, ஏனென்றால் விடை நம் சமையலறைக் கூடையில்தான் இருந்தது. பாட்டி மட்டும் “என் மனசில் ஒரு நம்பர் நினைச்சிருக்கேன், சொல்லு பார்க்கலாம்” என்று கேட்டிருந்தால் இரண்டாவது ராத்திரியே நாங்கள் எழுந்து போயிருப்போம். எஸ்கேப் ரூமில் பணம் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே மனசுதான். விடை தங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பது தெரிந்தால் போதும், தோல்வியைக்கூட சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிர் அந்தக் கதைக்குள் இருக்க வேண்டும். கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவரில் சுடோக்கு ஒட்டியிருந்தால் கப்பல் மறந்துபோகும். அதே கப்பலில் கயிற்று முடிச்சுகளை எண்ணுவதும், வரைபடத்தில் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பதும் என்றால் பத்து நிமிடத்தில் நீங்களே மாலுமி ஆகிவிடுவீர்கள்.

நியாயமான புதிருக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

என் அறையில் எனக்கு மிகவும் பிடித்த புதிரைச் சொல்கிறேன். (இந்த விடுமுறைக்கு அதை மாற்றிவிட்டேன். அதனால் சொல்வதில் தவறில்லை.)

சுவரில் ஒரு தமிழ் எழுத்து அட்டவணை மாட்டியிருக்கும். பள்ளிக்கூடச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்குமே, மேலே உயிர் 12, பக்கவாட்டில் மெய் 18, நடுவில் உயிர்மெய் 216, தனியாக ஓர் ஆய்தம், அதேதான். குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் யாரும் அதை இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். ஒரு டப்பாவுக்குள் துண்டுச்சீட்டு இருக்கும். அதன் தலைப்பு ‘மெய்யும் உயிரும்’. கீழே மூன்று ஜோடி எண்கள்: 9-1, 5-1, 1-5.

பெரியவர்கள் இந்த எண்களைக் கூட்டுவார்கள், கழிப்பார்கள், பூட்டில் திருப்பிப் பார்ப்பார்கள். போன வருடம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி சீட்டை வாங்கி, தலைப்பை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, நேராகச் சுவருக்குப் போய் விரலால் எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதாவது மெய் ப், முதல் உயிர் அ. ப. ஐந்தாவது மெய் ட், முதல் உயிர் அ. ட. முதல் மெய் க், ஐந்தாவது உயிர் உ. கு. “படகு!” என்று கத்தினாள். அலமாரி மேல் இருந்த மரப் படகை எல்லோரும் சேர்ந்து கவிழ்த்தார்கள். அடியில் சாவி.

அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் விடை தெரிந்திருக்க வாய்ப்பு இருந்தது. சீட்டு எதையும் மறைக்கவில்லை, அட்டவணை கண்ணெதிரில் தொங்கியது, படகு எல்லோருக்கும் தெரிந்த பொருள். யாருக்கு முதலில் தோன்றியது என்பதில்தான் வேறுபாடு.

அப்படியானால் ஏமாற்றம் தரும் அறை எப்படி இருக்கும்?

இரண்டு அனுபவங்கள் சொல்கிறேன், இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடந்தவை.

முதலாவதில் சுவர்க் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்தது. அறையில் வேறு எதுவும் அவ்வளவு கண்ணை உறுத்தவில்லை. 410 போட்டோம், 0410 போட்டோம், 1610 போட்டோம். பூட்டு அசையவில்லை. கால் மணி நேரம் போனது. கடைசியில் ஹிண்ட் கேட்டால், நீல அட்டை போட்ட புத்தகங்களை எண்ணி நாற்காலிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டுமாம். பெருக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது? நீலம் என்று யார் சொன்னார்கள்? வெளியே வந்து கேட்டேன். “எல்லாரும் அங்க ஹிண்ட் வாங்கித்தான் மேடம் போவாங்க” என்றார் கேம் மாஸ்டராக இருந்த பையன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, புதிரைச் செய்தவர் அவர் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் ஹிண்ட் கேட்கிறார்கள் என்றால் அந்தப் புதிர் உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைச் செய்தவர் வந்து சரிசெய்திருக்க வேண்டும்.

நின்றுபோன கடிகாரம் சும்மா வைத்ததாம். வேண்டுமென்றே திசை திருப்பும் பொருட்களை வைப்பது இந்த ஆட்டத்தில் உண்டு. ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை. ஆனால் நிஜக் குறிப்பைவிடப் பொய்க் குறிப்பு அழகாக இருந்தால் ஆடுபவர்கள் அறையின் மேலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்கள். அப்புறம் நிஜக் குறிப்பு கிடைத்தாலும், “இதுவும் சும்மாத்தான் இருக்கும்” என்று கீழே வைத்துவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது.

இரண்டாவது அனுபவம் எனக்கு இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அதில் நாங்கள் ஜெயித்தோம். முந்தைய அணி ஆடி முடித்த பிறகு அறையைச் சரியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. கடைசிச் சாவி இருக்க வேண்டிய பெட்டி திறந்தே கிடந்தது. அத்தை மகன் ஐந்தாவது நிமிடத்தில் அதை எடுத்துவிட்டான். இருபது நிமிடத்தில் வெளியே நின்றோம். கை தட்டினார்கள், பலகை கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவில் யாரும் பேசவில்லை. பாதிப் புதிர்களை நாங்கள் பார்க்கவே இல்லை. வெளியே வருவதற்காக மட்டும் இந்த ஆட்டத்துக்கு யாரும் போவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மற்றவை எல்லாம் பராமரிப்புச் சமாசாரம். பேட்டரி செத்த டார்ச், சரியான எண் போட்டும் துருவினால் திறக்காத பூட்டு, முந்தைய அணி பேனாவால் விடையைக் கிறுக்கிவிட்டுப் போன சுவர், வேலை செய்யாத ஏசி. சரியான விடை போட்டும் பூட்டு திறக்காவிட்டால் அது சின்னக் குறை இல்லை. அந்த அணி தன் விடை தவறு என்று நினைத்துக்கொண்டு வேறு வழியில் போய்விடும், திரும்பி வராது.

பொது அறிவு நிறைய வேண்டுமா?

வேண்டியிருக்கக் கூடாது. தேவையானது எல்லாம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இதை நான் கேரம் போர்டில் கற்றுக்கொண்டேன். ஒரு போர்டில் காய்களைப் பரப்பிவைத்தேன்: கறுப்பு 7, வெள்ளை 8, சிவப்பு இல்லை. பூட்டுக்கு மூன்று எண். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1 என்பது இங்கே தாய்ப்பாலோடு வருவது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண். தெருமுனைக்குத் தெருமுனை போர்டு போட்டிருக்கும் ஊர் இது. காணாமல் போனவை 2, 1, 1. பூட்டு 211. அரை நிமிடத்தில் திறந்தார்கள்.

அப்புறம் வேறு ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது. அந்தப் பிள்ளைகள் கேரம் ஆடியதே இல்லை. 7, 8, 0 என்று போட்டுப் பார்த்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் புத்திசாலிகள்தான். நான்தான் என் தெருவை மட்டும் மனதில் வைத்துப் புதிர் போட்டிருந்தேன். அன்று மாலையே காய்களை அடுக்கும் முறையையும் எண்ணிக்கையையும் காட்டும் படம் ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டினேன். தெரிந்தவர்களுக்கு வேகம் கிடைக்கும், தெரியாதவர்களுக்கு வழி கிடைக்கும்.

ஆண்டுகளைப் பூட்டு எண்ணாக வைப்பதும் இப்படித்தான். இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது என்பது எங்களுக்குப் பெருமை. அதற்காக அதைத் தெரிந்திருந்தால்தான் பூட்டு திறக்கும் என்று வைப்பது தவறு. பழைய டிக்கெட் மாதிரி ஒன்று செய்து, அதில் நிலையத்தின் கதையோடு ஆண்டையும் எழுதி வைத்தால் ஆடுபவர்கள் தேடிக் கண்டுபிடித்ததாக இருக்கும், கூடவே ஊரைப் பற்றி ஒன்று தெரிந்ததாகவும் இருக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் ஆட முடியாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: ஆட முடியும். நான் போன அறைகளில் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. எண், வடிவம், நிறம், ஒலி சார்ந்த புதிர்களுக்கு அது பெரிய தடை இல்லை. ஆங்கிலச் சொல்விளையாட்டுதான் சிக்கல். ஒரே உச்சரிப்பில் இரண்டு பொருள் தரும் சொல், எழுத்தை மாற்றிப் போட்டால் வேறு சொல், இதெல்லாம் அந்த மொழியில் வளர்ந்தவருக்குத்தான் சட்டென்று விழும். முன்பதிவு செய்யும்போதே “சொல் புதிர் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டுவிடுங்கள். கேம் மாஸ்டர் தமிழில் ஹிண்ட் கொடுப்பாரா என்றும் கேளுங்கள்.

எழுத்துப் பூட்டு தமிழில் செய்ய முடியாது என்று சிலர் சொல்வார்கள். 247 எழுத்துகளை ஒரு சக்கரத்தில் அடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன படகுப் புதிரைப் பாருங்கள். எழுத்து நிறைய இருப்பதே அங்கே புதிராகிறது. தமிழிலேயே முழு அறை ஒன்றை இந்தப் பக்கத்தில் யாராவது நடத்தினால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

எத்தனை பேராகப் போகலாம்?

நாலு பேர். ஐந்து வரை பரவாயில்லை. ஸ்காட் நிக்கல்சன் என்ற ஆய்வாளர் 2015இல் உலகின் 175 எஸ்கேப் ரூம் நிறுவனங்களிடம் விவரம் திரட்டினார். அதில் சராசரி அணி நாலரைப் பேர் என்று வந்தது. என் அனுபவமும் அதுதான்.

அறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். சில அறைகளில் ஒரு பூட்டு திறந்தால்தான் அடுத்தது கண்ணில் படும், ரயில் பெட்டிகள் மாதிரி. அதில் எட்டுப் பேர் போனால் இரண்டு பேர் ஆடுவார்கள், ஆறு பேர் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேறு சில அறைகளில் தொடக்கத்திலேயே மூன்று நான்கு வேலைகள் விரிந்து கிடக்கும், கடைசியில்தான் எல்லாம் ஒன்றுசேரும். பெரிய கூட்டத்துக்கு இரண்டாவது வகைதான் சரி. பதிவு செய்யும்போது, “ஒரே நேரத்துல எத்தனை புதிர் ஓடும்?” என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

கூட வருபவர்களால் ஆட்டம் கெடுமா?

கெடும். நல்ல அறையைக்கூட ஒரே ஆள் கெடுத்துவிட முடியும். கிடைத்த பொருளைச் சொல்லாமல் கையிலேயே வைத்துக்கொள்பவர் ஒரு வகை. சாவியைப் பிடுங்கி, “குடு, நான் பாக்கறேன்” என்பவர் இன்னொரு வகை. ஏற்கெனவே அந்த அறையை ஆடிவிட்டு வந்து ஓரமாக நின்று சிரிப்பவர் எல்லாரையும்விட மோசம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எது கிடைத்தாலும் சத்தமாகச் சொல்லிவிட்டு அறையின் நடுவில் வைக்க வேண்டும். பயன்படுத்தி முடித்த சாவியும் சீட்டும் தனியாக ஒரு மூலைக்குப் போகும். ஒருவர் ஒரு பூட்டோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டினால் இன்னொருவருக்கு விட்டுத்தர வேண்டும்.

வயதானவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை பெரியம்மாவையும் அழைத்துப் போனோம். அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தவர், கொடியில் கிடந்த கசங்கிய புடவை பொறுக்காமல் அதை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். முந்தானைக் கரையில் பூக்களுக்கு நடுவே நான்கு எண்கள் தைத்திருந்தன. நாங்கள் அந்தப் புடவையை நான்கு தடவை உதறிப் பார்த்திருந்தோம்.

ஹிண்ட் கேட்பது கௌரவக் குறைச்சலா?

இல்லவே இல்லை. பத்து நிமிடம் எதுவும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு மீதி அறையைப் பார்க்காமல் வெளியேறுவதுதான் நஷ்டம்.

நல்ல கேம் மாஸ்டர் விடையைச் சொல்ல மாட்டார், பார்வையைத் திருப்பிவிடுவார். “சுவத்துல இருக்கறதை எல்லாம் படிச்சிட்டீங்களா?” என்று கேட்டாலே போதும். நீங்கள் கண்டுபிடிக்கப்போகும் தருணத்தில் குறுக்கே விழாமல் இருப்பதும் அவருடைய திறமைதான். அறையைச் செய்தவரைவிட அன்றைய ஆட்டத்தை இனிமையாக்குவது பெரும்பாலும் இவர்தான் என்று நான் நம்புகிறேன். நன்றாக நடத்திக் கொடுத்தவரை வெளியே வந்ததும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள்.

நேரத்துக்குள் வெளியே வர முடியாவிட்டால் காசு வீண்தானே?

மேலே சொன்ன நிக்கல்சன் திரட்டலில், சராசரியாக நூற்றுக்கு 41 அணிகள்தான் வெளியே வந்திருக்கின்றன. தோற்பவர்களே அதிகம். முடியாமல் போனால் மீதிப் புதிர்களைக் காட்டி விளக்கும்படி கேளுங்கள். நல்ல இடங்களில் அவர்களே உள்ளே வந்து பொறுமையாகக் காட்டுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை “அட, ஆமால்ல” வருகிறது என்று பாருங்கள், காசு வீணா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நம்பர் பூட்டை விடை தெரியாமலே திருப்பித் திருப்பித் திறந்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று எண் பூட்டில் 000 முதல் 999 வரை 1,000 வாய்ப்புகள். ஒன்றுக்கு இரண்டு நொடி என்றால் 2,000 நொடி, அதாவது 33 நிமிடம். பாதி ஆட்டம் போய்விடும், விரலும் வலிக்கும். நான்கு எண் என்றால் 10,000 வாய்ப்புகள், ஐந்தரை மணி நேரம். ஆனால் இரண்டு எண் தெரிந்து ஒன்று மட்டும் தெரியவில்லை என்றால் பத்தே வாய்ப்பு, இருபது நொடி. அதை எல்லோரும் செய்வார்கள், செய்யலாம். அறை அமைப்பவர்கள்தான் இதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது எண்ணுக்கென்று பாடுபட்டு ஒரு புதிர் செய்தால் அதை யாருமே தீர்க்க மாட்டார்கள்.

பேய் அறைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

வேண்டாம். பயந்த பிள்ளை யோசிக்காது, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு கதை உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்களா? பாதுகாப்பானதா?

உங்களை நிஜமாகப் பூட்டி வைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கொஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுப் பெண்கள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஹீட்டருக்கான வாயு கசிந்து தீப்பிடித்தது. அவர்களால் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த நாட்டில் இந்த அறைகள் சோதிக்கப்பட்டு, பல மூடப்பட்டன. நமக்கும் இந்தப் பாடம் புதிதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். வெளியேற வழி இல்லாத இடத்தில் நம் பிள்ளைகளை இனி நிறுத்தக் கூடாது.

ஆட்டம் தொடங்கும் முன் இதைக் கேளுங்கள்: நினைத்த நேரத்தில் வெளியே போக எந்தக் கதவு? சாவியோ எண்ணோ இல்லாமல் அதை உள்ளிருந்து திறக்க முடியுமா? திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பல இடங்களில் கதவுக்கு மின்காந்தப் பூட்டு போட்டிருப்பார்கள். மின்சாரம் ஓடும்வரைதான் அது கதவைப் பிடித்திருக்கும், கரண்ட் போனால் விட்டுவிடும். பக்கத்திலேயே அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும். ஒருமுறை ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய், பெட்டிகள் உட்பட எல்லாக் காந்தப் பூட்டும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஆட்டம் கெட்டது, ஆனால் கதவும் திறந்தது. அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வட சென்னையிலிருந்து போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நேரத்தை. தாமதமாகப் போனால் அடுத்த அணி காத்திருக்கும் என்பதால் உங்கள் 60 நிமிடத்தில்தான் கழிப்பார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நாங்கள் ஒரு தடவை பதினைந்து நிமிடம் இழந்தோம். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதால் இப்போது அதில்தான் போகிறோம்.

வீட்டிலேயே அமைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். பூட்டு மூன்று, டப்பா மூன்று, ஒரு கதை போதும். காகிதம், அட்டைக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்வருவேன். மற்றதெல்லாம் வீட்டுச் சாமான்தான்.

முடிவிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பெட்டியில் என்ன இருக்கிறது, அதைத் திறக்க என்ன வேண்டும், அது எங்கே ஒளிந்திருக்கும் என்று பின்னோக்கி வந்தால் வழி தவறாது. முதல் பூட்டு மிக எளிதாக இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று திறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்துவிடும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என் முதல் அறையில் கஷ்டமானதை முன்னால் வைத்தேன். இருபதாவது நிமிடத்தில் இரண்டு பையன்கள் “அக்கா, நாங்க கிரிக்கெட் ஆடப் போறோம்” என்று கிளம்பிவிட்டார்கள்.

தொடக் கூடாத இடங்களில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்விட்ச் பெட்டி, ஃபேன், ஜன்னல் கம்பி, கேஸ் சிலிண்டர். தேடும் வேகத்தில் பிள்ளைகள் எதையும் கழற்றுவார்கள். வாசல் கதவை நான் சாத்துவதோடு சரி, தாழ்ப்பாள்கூடப் போடுவதில்லை.

புற ஊதா (UV) ஒளி டார்ச்சில் மட்டும் தெரியும் மை வைத்து எழுதினால் குதூகலிப்பார்கள். ஆனால் வெள்ளைக் காகிதத்தில் எழுதாதீர்கள். காகிதத்துக்கு வெண்மை கூட்டச் சேர்க்கும் பொருள் அந்த ஒளியில் தானே மின்னி எழுத்தை அமுக்கிவிடும். பழுப்புக் காகிதத்தில் எழுதினால் பளிச்சென்று தெரியும். மூன்று தடவை தோற்றபிறகு தெரிந்துகொண்டது இது.

கத்திரி வெயிலில் மதியம் வைக்காதீர்கள். காலை ஒன்பதுக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் கடல் காற்று வந்தபிறகு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாரையாவது உள்ளே விட்டு நீங்கள் வாய் திறக்காமல் பார்ப்பது. எவ்வளவு கடினம் தெரியுமா! விடைக்குப் பக்கத்தில் கையை வைத்துவிட்டு நகர்ந்து போவார்கள், சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொண்டு குறித்து வையுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் முழித்தால் புதிரை மாற்றுங்கள். நான்கு தடவை மாற்றிய பிறகுதான் என் கேரம் புதிர் சரியாக வந்தது.

ஒரு அணி ஆடி முடித்ததும் அடுத்த அணிக்குள் எப்படித் தயார் செய்வது?

எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஆடி முடித்த பிள்ளைகளையே அதைப் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள். சாவி படகுக்கு அடியில், சீட்டு டப்பாவுக்குள், பூட்டு எண்கள் எல்லாம் கலைத்து. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அப்புறம் மாடிப்படியில் காத்திருக்கும் அடுத்த கூட்டம் “உள்ள இன்னா இருக்கு? சொல்லுடா” என்று நச்சரிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இதுவரை ஒரு பிள்ளைகூட விடையை வெளியே சொன்னதில்லை. எழுத்து அட்டவணையை மட்டும் யாரும் கழற்றவேண்டாம், அது சுவரிலேயே இருக்கட்டும்.